மேட்டுத்தெருவுக்குப் பஸ் வந்துவிட்டது

மேட்டுத்தெரு,
கும்மிடிப்பூண்டி வழி.
4-12-2025, வியாழன்

அன்பு மகள் ஹெலனுக்கு நைனா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும், ஒருவர் இருமினால் மற்றவர் எழுந்து வெந்நீர் வைத்துக்கொடுக்கும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் குழந்தை மோனிகாவும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளை ஜெபத்திலும் உங்கள் மூன்று பேர் பெயரைச் சொல்லித்தான் எழுந்திருக்கிறோம். போனில் பேசும்போது எல்லாவற்றையும் அம்மாவே பேசிவிடுகிறாள், என் கைக்குப் போன் வரும்போது 'சாப்பிட்டாயா' என்ற ஒரு சொல்தான் மிஞ்சுகிறது, நீயும் 'சாப்ட்டேன் நைனா, வெச்சிடவா' என்று முடித்துவிடுகிறாய். ஆகவே கடிதம். முப்பத்திரண்டு வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு எண் போடாமல் எதையும் சொல்ல வராது. நடுவில் பயந்துபோய் எதையாவது விட்டுவிடாமல் இருக்க, எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வீட்டு நலம்.
2. நம் மேட்டுத்தெருவுக்குப் பஸ் வந்துவிட்டது.
3. பதினொரு வருஷமாக நான் எழுதிக்கொடுத்த மனுக்கள் ஏன் தோற்றன, இந்த முறை எப்படி நடந்தது.
4. நீ ஊருக்கு வராமல் இருந்ததற்குப் பஸ் இல்லாததே காரணம், அந்தக் காரணம் இப்போது இல்லை.
5. ஆகவே கிறிஸ்துமஸுக்கு வர வேண்டும்.

முதலாவது. அம்மாவுக்கு இடது முழங்கால் வலி கூடியிருக்கிறது, தைலம் தேய்க்கிறேன், தேய்க்கும்போது நன்றாக இருக்கிறது என்கிறாள், கையை எடுத்ததும் இல்லை என்கிறாள். நான்கு நாளாக விடாத மழை. பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் உன் ஸ்கூட்டியை இழுத்து வராந்தாவில் ஏற்றிவிட்டேன், அதனால் அம்மா துணி உலர்த்த இடமில்லை என்று முணுமுணுக்கிறாள். நட்சத்திரம் கட்டியாயிற்று, போன வருஷத்து நட்சத்திரமே, ஒரு முனையில் இருந்த கிழிசலை அம்மா செலோ டேப் ஒட்டிச் சரிசெய்தாள். உங்களுக்கு அங்கே வேறு வீடு கிடைத்ததா. வதோதராவில் நீங்கள் வாடகைக்குப் பார்க்கப் போன இடத்திலெல்லாம் என்ன சமைப்பீர்கள், எந்தப் பக்கத்து ஆட்கள், முழுப்பெயர் என்ன என்று கேட்டதாக அம்மா சொன்னாள். பெரிய நகரத்தில் அப்படி இருக்காது என்று நினைத்துத்தான் உன்னை ரயிலேற்றினேன். அங்கேயும் கேட்கிறார்கள், ஆனால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று நீ சொன்னதாக அம்மா சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோனிகா போனில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டுகிறாள், ஆனால் போனை விட்டு நான் வெளியே வரக்கூடியவன் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியுமா தெரியாதா என்று சில நாள் யோசிக்கிறேன்.

இரண்டாவது. நவம்பர் பத்தாம் தேதியிலிருந்து பஸ் வருகிறது. மினி பஸ்தான், மஞ்சள் நிறம், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் கிளம்பி சிப்காட் வாசல், கூட்டுரோடு, ஊர்த்தெரு வந்து, அங்கேயே நின்றுவிடாமல் நம் தெருவுக்கே ஏறி, வேப்பமரத்துக்குக் கீழே வளைத்துத் திரும்புகிறது. ஒரு நாளைக்கு ஆறு நடை. முகப்பில் மேட்டுத்தெரு என்றுதான் பலகை. காலனி என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுக்க உத்தரவு வந்ததால் பலகையிலும் அது இல்லை. முதல் நாள் காலை நான் போய் நின்று பார்த்தேன், ஏறவில்லை, எனக்கு என்னமோ கூச்சமாக இருந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, கும்மிடிப்பூண்டி வரை போய், ஒன்றும் வாங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கண்டக்டர் 'இன்னா ஆயா, எங்க எறங்கணும்' என்று இரண்டு முறை கேட்டானாம், 'நீ போய்க்கினே இரு, நான் பாத்துக்கினு வரேன்' என்றாளாம்.

அந்தப் பஸ் ஊர்த்தெருக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர்கள் முதல் வாரம் ஏறவில்லை. ஊர்த்தெருவில் ஏறினால் நம் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் ரோட்டுக்குப் போக முடியும், அதனால் கூட்டுரோடு வரை நடந்து போய் அங்கே ஏறினார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மழையில் பச்சையப்பனுடைய மனைவி சந்திரகலா குடையோடு ஏறி, இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அம்மா நகர்ந்து இடம் விட்டாள். சந்திரகலா உட்காரலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, 'இன்னா சாராளு, மொத சீட்டையே வளைச்சி போட்டுக்கினியா' என்றாளாம். 'வளைச்சி போட ஆயிரம் ஏக்கராவா கீது, குந்து' என்று அம்மா சொன்னாளாம். வீட்டுக்கு வந்து இதை மூன்று முறை எனக்குச் சொன்னாள். பச்சையப்பன் பெயர் வந்தாலே எனக்கு வாய் கட்டிக்கொள்கிறது, அது உனக்குத் தெரியும்.

மூன்றாவது. இதைத்தான் எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ட்ரலில் உன்னை வழியனுப்பிய அன்று, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து நீ சிரித்துக்கொண்டே 'நம்ம தெருவுக்கு பஸ் வரட்டும் நைனா, அப்பால வரேன்' என்றாய். நீ விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். அந்த வருஷத்திலிருந்து மனு எழுத ஆரம்பித்தேன். பணியில் இருந்தவரை என் பெயரில் கொடுக்கப் பயம், பக்கத்து வீட்டுப் பாக்கியநாதனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகும் அவரிடமே வாங்கினேன், அதற்கு என்ன காரணம் சொல்வது. ஒவ்வொரு மனுவும் நான்கு பக்கம். மக்கள்தொகை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், முதியோர், கர்ப்பிணிகள், சாலையின் அகலம், மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பாதையின் நிலை, எல்லாவற்றையும் எண்களோடு எழுதினேன். பதினொரு வருஷத்தில் ஒன்பது மனு. ஒன்பதுக்கும் ஒரே பதில். ஊர்த்தெருவில் ஏற்கெனவே நிறுத்தம் உள்ளது, தொலைவு எண்ணூறு மீட்டர், ஆகவே தனி வழித்தடத்துக்குத் தேவை எழவில்லை.

அந்தப் பதிலை எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். எத்தனையோ திட்டங்களின் கோப்புகளை இந்தக் கையால் கட்டியிருக்கிறேன், பின்தங்கிய பகுதி, விடுபட்ட குடியிருப்பு, சிறப்பு நிதி என்று வருஷத்துக்கு ஒரு பெயர். குழாய் உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கும், விளக்கு உண்டா என்று ஒரு கட்டம், சிமெண்ட் சாலை எத்தனை மீட்டர் என்று ஒரு கட்டம். அந்தச் சாலையில் யார் வண்டியில் உட்கார்ந்தபடி போகலாம், யார் இறங்கித் தள்ள வேண்டும் என்பதற்குக் கட்டம் இல்லை. குழாயும் விளக்கும் சாலையும் நம் தெருவுக்கு வந்துவிட்டன, பட்டியலில் நாம் முழுமையடைந்த குடியிருப்பு. ஆனாலும் இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் நம் பெண்கள் ஊர்த்தெருவில் இறங்கி, தலையைக் குனிந்து ஒரு பக்கமாக நடந்து வந்தார்கள், பாதிப் பேர் அதற்குப் பயந்து சிப்காட் வேலையையே விட்டார்கள். கம்பெனி வேன்கூடக் கூட்டுரோட்டோடு திரும்பிவிடும். கட்டம் இல்லாததை மனுவில் எழுதக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானேதான் எழுதாமல் விட்டேன்.

இதைக் கண்டுபிடித்தவள் திலகவதி. உனக்கு நினைவிருக்கும், உன்னைவிட நான்கைந்து வயது சின்னவள், இப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள், நம் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்குப் பத்தாவது மனுவை எழுதி அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே நான்கு பக்கத்தையும் படித்தாள். படித்துவிட்டு, 'இன்னா சார், எல்லாத்தையும் அளந்து அளந்து எழுதிக்கிறீங்க, மேட்டர மட்டும் காணோமே' என்றாள். என்ன மேட்டர் என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள், 'உங்குளுக்கா தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கிராம சபையில் அதிகாரி மனுவைப் பார்த்துவிட்டு அதே பதிலை வாயால் சொன்னார், நிறுத்தம் இருக்கிறதே அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார். திலகவதி எழுந்து, 'நிறுத்தம் கீது சார். அங்கேர்ந்து எங்க ஊட்டுக்கு வர்ற தெரு எங்குளுதா இல்லியான்னுதான் தெரியல' என்றாள். பச்சையப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், இப்போது தலை முழுக்க வெளுத்துவிட்டது, எழுந்து திரும்பி எல்லாரையும் பார்த்து, 'அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார், நாங்க அண்ணந் தம்பியா பழகிக்கினு கீறோம், இந்தப் பொண்ணு சும்மா பேஜாரு பண்ணுது' என்றார். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, யாருக்காவது நேரில் அப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், பதிவு செய்கிறேன் என்றார். ஒருவரும் பேசவில்லை. நடந்திருக்கிறது ஹெலன், அங்கே உட்கார்ந்திருந்த நம் தெருவில் பாதிப் பேருக்கு நடந்திருக்கிறது. நான் எழுந்தேன் என்று நான் சொல்ல மாட்டேன், எழுந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஒரு முறை என்றேன். யாருக்கு என்றார். என் மகளுக்கு என்றேன். தேதி நினைவிருக்கிறதா என்றார். 14-6-2014, சனிக்கிழமை, மாலை ஆறே கால் என்றேன்.

நீ அறிந்ததுதான், ஆனாலும் வரிசை கெடாமல் இருக்க எழுதுகிறேன். நீ சிப்காட்டில் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்து முதல் மாதம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய சாம்பல் நிற ஸ்கூட்டி. ரயில் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தாய். ஊர்த்தெரு டிரான்ஸ்பார்மர் அருகே பச்சையப்பனும் இன்னும் இரண்டு பேரும் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, 'இன்னா தேசப்பன் சார், படிச்சவரு நீங்க, பொண்ணு ஓட்டிக்கினு வருது, நீங்க பின்னால ஜம்முன்னு குந்திக்கினு வர்றீங்க, பெரியவங்க குந்திக்கினு கீறோம்ல, எறங்கி தள்ளிக்கினு போங்க, இல்லாங்காட்டி ஏரிக்கரையால போங்க' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சரிங்க, பரவாயில்லைங்க என்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். வாசலில் நின்ற அம்மா, 'இன்னாத்துக்கு வண்டிய தள்ளிக்கினு வர்றீங்க' என்று கேட்டதற்கு, பெட்ரோல் தீர்ந்துபோயிற்று என்று நான் சொன்னேன். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாய். அடுத்த நாளிலிருந்து வண்டியை எடுக்கவில்லை, வருஷம் முடிவதற்குள் வதோதராவில் வேலை தேடிக்கொண்டாய்.

இவ்வளவையும் நான் சபையில் சொல்லவில்லை. தெருவில் நிறுத்தினார்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தோம் என்று மட்டும் சொன்னேன். யார் என்று அதிகாரி கேட்டார், பெயர் சொல்லவில்லை, என்னால் முடியவில்லை. ஆனால் பச்சையப்பன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேட்டி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குப் பிறகு அண்ணன் தம்பி என்று பேசவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்ததும் பாக்கியநாதன் எழுந்தார், அவருக்குப் பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து நான்கு பேர். இரண்டு மாதத்தில் வழித்தடத்தை அளந்தார்கள், மூன்றாம் மாதம் பஸ். நான்கு பக்கத்தில் பதினொரு வருஷம் ஆகாதது, ஒரு வரியில் ஆயிற்று. இப்போது நம் தெருவிலிருந்து பதினான்கு பெண்கள் சிப்காட்டுக்குப் போகிறார்கள். அந்த ஒரு வரியை நான் முதல் மனுவிலேயே எழுதியிருந்தால் எத்தனை பேர் வேலையை விட்டிருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன், பிறகு நோட்டை மூடிவிட்டேன்.

ஐந்தாவதை முன்னால் எழுதிவிடுகிறேன், நான்காவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. பஸ் வந்ததிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறேன், நூலகம் என்று அம்மாவிடம் சொல்வேன். நூலகத்துக்கும் போகிறேன்தான், ஆனால் அதற்கு முன் முற்பகலில் அகமதாபாத் வண்டி போகும். நம் நிலையத்தில் அது நிற்காது. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து அது போவதைப் பார்ப்பேன். நாளை சாயங்காலம் இந்தப் பெட்டிகள் உன் ஊரில் நிற்கும் என்று நினைத்துக்கொள்வேன். எதிர்த்திசையில் வரும் வண்டியையும் பார்ப்பேன், ஜன்னல்கள் வேகமாகப் போகும், ஒரு முகமும் நிலைக்காது. ஆனாலும் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பேன். பதினொரு வருஷத்தில் இரண்டு முறை நாங்கள்தான் ரயிலேறி வந்தோம், உன் கல்யாணத்துக்கு ஒருமுறை, மோனிகா பிறந்தபோது ஒருமுறை. நம் வீட்டில் உன் காலடி படவில்லை. நீ உட்கார்ந்து படித்த ஜன்னல் பக்கம் அம்மா தையல் இயந்திரத்தைப் போடலாம் என்றாள், வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டேன், நான் அவளிடம் முடியாது என்று சொன்னது அநேகமாக அந்த ஒரு விஷயத்துக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு வா. மருமகனுக்கு விடுப்பு இல்லையென்றால் நீயும் குழந்தையுமாவது வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டு வாசல் வரை பஸ், நீ எந்தத் தெருவிலும் இறங்க வேண்டியதில்லை.

இப்போது நான்காவது. இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது அதை முழு நம்பிக்கையோடுதான் எழுதினேன். மூன்றாவதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, திலகவதி என் மனுவைப் பார்த்துச் சொன்னது இதற்கும் பொருந்தும் என்று தெரிந்தது. மேட்டரை மட்டும் விட்டிருக்கிறேன். கிராம சபை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அம்மா நின்று திரும்பி, 'பெட்ரோல் தீந்து போச்சின்னியே' என்றாள். இரண்டு நாள் தட்டை வைப்பாள், சோறு போடுவாள், பேசமாட்டாள். மூன்றாம் நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது காலை இழுத்துக்கொண்டு கேட்டாள், 'வண்டிய புள்ள கைல இருந்து வாங்கினது அவனா, நீயா' என்று.

நான்தான், ஹெலன். பச்சையப்பன் சொன்னார், அவ்வளவுதான். நீ பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். 'முடியாதுன்னு சொல்லு நைனா' என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய். நான் முதலில் இறங்கினேன், உன் தோளைத் தொட்டு உன்னை இறக்கினேன், சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, உன் கையை எடுத்துவிட்டு, நானே தள்ளினேன். நீ ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தாய். வீட்டில் வந்து பொய்யும் சொன்னேன், நீ நிற்கும்போதே, நீயும் அதற்கு உடன்பட்டவள் போல. நீ உள்ளே போன பிறகு நான் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், உண்மையிலேயே தீர்ந்திருக்கக் கூடாதா என்று. பாதிக்கு மேல் இருந்தது. பஸ் இல்லாததால் நீ வரவில்லை என்று பதினொரு வருஷம் நம்பியது எனக்கு வசதியாக இருந்தது, மனு எழுதினால் தீர்ந்துவிடும் காரணம் அது. ஆகவே நான்காவதாக எழுதியது தவறு. அதை அடித்துவிடவில்லை, மேலே அப்படியே இருக்கட்டும், நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீ பார்க்க வேண்டும். இதை உன்னிடம் எழுதச் சொன்னவள் அம்மாதான், பஸ் விஷயத்தைச் சாக்காக வைத்து எழுதாதே என்றும் சொன்னாள், அதை மட்டும் மீறிவிட்டேன்.

குளிர் காலம், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, நீயும் பனியில் மொட்டை மாடிக்குப் போகாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும், நீ வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டின் ஆசீர்வாதம் உன்மேல் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். ஸ்கூட்டிக்குப் புது பேட்டரியும் டயரும் போட்டாயிற்று, மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டான், பெட்ரோல் நிறைய இருக்கிறது. நீ வந்தால் பஸ் வேண்டாம், ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறேன், நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், ஊர்த்தெரு வழியாகவே. யார் கையைக் காட்டினாலும் இந்த முறை நான் இறங்கமாட்டேன். இதை எழுதும்போதே எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது, ஆனாலும் திருத்தி எழுதவில்லை.

உன் நைனா,
தே. தேசப்பன்